நிழலில் காய வேண்டிய பஞ்சுகள்

காலை ஐந்தரைக்கு எழும்புகிறேன். முகம் கழுவி, கேத்தலை அடுப்பில் வைத்து, வெறும் தேநீர் ஊற்றுகிறேன். பிறகு கடையைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறேன். இணுவிலில் செம்மண். தெளிக்காவிட்டால் முதல் பஸ் போகும்போதே புழுதி உள்ளே வந்து எல்லாவற்றிலும் படிந்துவிடும். அதற்குப் பிறகு, முதல் நாள் பாவித்த பஞ்சுகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, நுரை வெள்ளையாகும் வரை கழுவுகிறேன். முறுக்கிப் பிழியக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமத்த வேண்டும். வெயிலில் போடக் கூடாது. பின்புறப் பசை விட்டுவிடும். நிழல் வேண்டும், காற்று வேண்டும், தூசி இருக்கக் கூடாது. ஆகவே படுக்கையறைக் கட்டிலின் மேல் அவற்றைப் பரப்பிவிட்டு விசிறியைப் போடுகிறேன். நான் கடையில் பாய் விரித்துப் படுப்பதால் கட்டில் சும்மாதான் கிடக்கிறது.

இவ்வளவும் முடிய ஏழு மணியாகும். தேநீர் ஆறிப்போயிருக்கும். அதைக் குடிக்கிறேன்.

ஐயா, போன மார்கழியில் திடீர் மரண விசாரணையின்போது உங்கள் முன்னால் நான் ஒரு வாக்குமூலம் தந்தேன். பெயர் ஜெனிஸ்ரன், வயது முப்பத்தொன்று, தொழில் கார் பொலிஷ் செய்வது, இறந்தவரின் கணவர் என்று அதன் மேலே எழுதியிருந்தீர்கள். அவை எல்லாம் சரி. கீழே உள்ளவற்றில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் பஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பொறுமையாகக் கேட்பவர் என்று ஞாபகம்.

பொலிஷ் மெஷினின் முகத்தில் ஒட்டிச் சுழல்கிற வட்டத் துண்டைத்தான் பஞ்சு என்கிறோம். அதில் தடித்த வகை ஒன்று இருக்கிறது. கழுவிக் கழுவி நாற்பது ஐம்பது கார் வரை பாவிக்கலாம். ஆட்டுக் கம்பளியில் செய்ததும் அந்த வகையில் வரும்; ஆழமான கீறலுக்கு அதுதான். மற்றது மெல்லியது. ஒரு காருக்குப் பாவித்துவிட்டு எறிந்துவிடுவது. எறிகிற பஞ்சு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளைக் காருக்கும் வெள்ளி நிறக் காருக்கும் அது போதும். கறுப்புக் காருக்குப் போதாது. ஓரம் சூடேறி, வட்டம் வட்டமாகக் கோடு விட்டுவிடும். கடைக்குள் நிற்கும்போது தெரியாது. மத்தியான வெயிலில், கோயில் வாசலில், எல்லோரும் பார்க்கும்போது தெரியும்.

நான் இரசாயனவியல் படித்தவன். பட்டம் வாங்கி நான்கு வருடம் அரச வேலைக்குக் காத்திருந்தேன். பிறகு இந்தக் கடையைத் தொடங்கினேன். வீதியோரம் கடை, அதன் பின்னால் இரண்டு அறை வீடு, இரண்டும் ஒரே கூரையின் கீழ். குருநகரில் பிறந்த லவீனாவை மணமுடித்து இந்த வீட்டுக்குத்தான் குடிவந்தேன். அவளுடைய அண்ணன் எமில்ராஜ் கடலுக்குப் போகாத நாட்களில் இரும்பு ஒட்டுகிறவர். கடைக்கும் வீட்டுக்கும் பொதுவான வெளிவாசலின் இரும்புப் படலையை அவர்தான் செய்து பூட்டித் தந்தார். தங்கைக்குக் கல்யாணப் பரிசு என்றார்.

முதல் வருடம் பஞ்சு கழுவியது லவீனாதான். நான் கேட்கவில்லை. அவள் காலையில் பக்கத்து முன்பள்ளியில் படிப்பித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வருவாள். வந்ததும் பஞ்சில் காய்ந்திருக்கும் பொலிஷை ஒரு தூரிகையால் தட்டி உதிர்ப்பாள். அது மாவாகப் பறக்கும். பிறகு கழுவிச் சுளகில் அடுக்கி, வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைப்பாள். வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் பாலேஸ்வரி அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, அப்பளம் போடுறியளோ?”

“ஓமக்கா. கார் மட்டும் தின்னுற அப்பளம்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவற்றுக்கு அப்பளம் என்று பெயர். அவள் ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருந்தாள். இது தவிசாளரின்ரை காரைத் தின்னது, இது கனடாக்காரற்றை வானைத் தின்னது என்பாள். அவள் கழுவினால் ஒரு மணல் கூட இருக்காது. அதை இங்கே சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் அவளுக்கு மூச்சிழுக்கும் தொய்வு இருந்ததாம். பெரிய பிள்ளையான பிறகு விட்டுப்போனதாம். கல்யாணம் முடிந்து இரண்டாவது வருடம் திரும்பி வந்தது. முதலில் இருமல், பிறகு படியேறினால் இளைப்பு, பிறகு கதைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் விசில் ஊதும் சத்தம். எமில்ராஜ் தன் ஓட்டோவில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா என்னிடம் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கம்பளி, தூள், ஈரப் பூஞ்சணம். இந்த மூண்டும் இவ படுக்கிற இடத்துக்குக் கிட்டவும் வரப்படாது. அறையை ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கோணும். விளங்குதோ?”

“அப்ப இவரையும் வெளியிலை படுக்க விடவோ டொக்டர்?” என்று லவீனா கேட்டாள்.

“முழுகிப்போட்டு வந்தால் உள்ளை விடுங்கோ.”

மூச்சு ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றும் டொக்டர் சொன்னார். லவீனா அந்த ஆறு மாதத்தை வரும் வழியிலேயே விரலில் எண்ணினாள். எண்ணிக்கை தையில் வந்து நின்றது. எமில்ராஜ் ஓட்டோவை ஓட்டியபடியே திரும்பாமல் என்னோடு கதைத்தார்.

“மச்சான், ஒருக்காப் பாவிச்சிட்டு எறியிற பஞ்சும் வருதெண்டு நீதானே சொன்னனி. உந்தப் பஞ்சை எடு. கழுவுறதும் இல்லை, காயவிடுறதும் இல்லை. இவளுக்கு மூச்சு வேணுமடா.”

நான் ஓம் என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

அன்று பின்னேரமே தடித்த பஞ்சுகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன். லவீனா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கதவடியில் நின்றாள். “போட்டு வாங்கோ பிள்ளையள், அப்பாவிலை கோவியாதேங்கோ,” என்று சாக்குக்குக் கை காட்டினாள். குப்பை ட்ரக்டர் செவ்வாய்க்கிழமை வரும். அன்று காலை சாக்கைப் படலையடியில் கொண்டுபோய் வைத்தேன். ட்ரக்டர் வர முன்பு திரும்பவும் உள்ளே எடுத்துவிட்டேன். அதை ஒரு தீர்மானம் என்று சொல்ல முடியாது. மழை வந்தால் நனைந்துவிடுமே என்று நினைத்ததாக ஞாபகம்.

மூன்று கிழமை நான் எறிகிற பஞ்சைத்தான் பாவித்தேன். இதற்குக் கடையில் நின்ற எவரும் சாட்சி சொல்லலாம். பாவித்ததை வளவின் மூலையில் எரித்தேன். கறுப்புப் புகை வந்தது. அந்தப் புகையும் மூச்சுக்குக் கூடாதுதானே என்று நினைத்தேன். பிற்பாடு இந்த நினைப்பு எனக்குப் பல தடவை உதவியது.

நான்காவது கிழமை இணுவில் கோகுலன் தன் தங்கையின் கல்யாணத்துக்கென்று கறுப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு நாள் வேலை செய்தேன். எடுத்துக்கொண்டு போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, காரை வெயிலில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இது பொம்பிளை ஏறுற காரோ, பூனை பிறாண்டின சட்டியோ?”

நான் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பட்டம் வாங்கியும் வேலையில்லாமல் இருந்த நான்கு வருடமும் என்னை எவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. சாக்கை அவிழ்த்தேன். முதலில் கம்பளி, பிறகு தடித்த செம்மஞ்சள் பஞ்சு, பிறகு கறுப்புப் பஞ்சு. மூன்று மணி நேரம். கோகுலன் காரின் கதவைப் பார்த்துத் தலை சீவினார்.

அதற்குப் பிறகு நான் எறிகிற பஞ்சைப் பாவிக்கவில்லை. ஆனால் எறிந்தேன். ஒவ்வொரு காருக்கும் ஒரு புதிய பஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் கொஞ்சம் பொலிஷ் பூசி, நிலத்தில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, குப்பைக் கூடையில் மேலாகத் தெரியும்படி போட்டேன். லவீனா முன்பள்ளியிலிருந்து வரும்போது கூடையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, “இண்டைக்கு எத்தினை கார்?” என்று கேட்பாள். எண்ணிக்கை எப்போதும் சரியாக இருந்தது.

கழுவுவது கஷ்டமாக இருக்கவில்லை. காயவைப்பதுதான் கஷ்டம். பின்னால் வைத்தால் அவள் காண்பாள். கடையில் வைத்தால் செம்மண் புழுதி. ஒரே ஒரு மணல் பஞ்சில் இருந்தால் போதும், கார் முழுக்கக் கோடு. குசினியில் எண்ணெய்ப் புகை. வீட்டில் தூசி இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. டொக்டர் சொன்னபடி நாங்கள் அந்த அறையின் திரைச்சீலைகளைக் கழற்றியிருந்தோம். யன்னலுக்கு நுண்வலை அடித்திருந்தோம். காலையும் மாலையும் ஈரத்துணியால் தரை துடைத்தோம். விசிறி எப்போதும் ஓடியது. பஞ்சு காய்வதற்கு அதைவிட நல்ல இடம் யாழ்ப்பாணத்திலேயே இருக்காது. அவளுடைய மூச்சுக்காகச் செய்த அறை என்பதாலேயே அது அப்படி இருந்தது.

குருநகரிலிருந்து சாமான் கட்டிவந்த பழைய வலைத்துண்டு ஒன்று எங்களிடம் கிடந்தது. அதைக் கட்டிலின் கீழ்ப்பலகைகளுக்கு அடியில், நான்கு காலிலும் இழுத்துக் கட்டினேன். பஞ்சுகளை அதில் பரப்பினால் மேலாலும் கீழாலும் காற்றுப் படும். குனிந்து எட்டிப் பார்த்தால் தவிர எவருக்கும் தெரியாது.

முதலில் அவள் முன்பள்ளியில் இருக்கும் நான்கு மணி நேரம் மட்டும்தான் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்பு எடுத்துவிடுவேன். புரட்டாதி வரை அப்படித்தான். ஐப்பசியில் மழை தொடங்கியது. நான்கு மணி நேரத்தில் காயவில்லை. பின்னேரமும் விட வேண்டியதாயிற்று. பிறகு அடுத்த நாள் காலை வரை. கம்பளி இரண்டு நாள் எடுத்தது. சிலவற்றில் பச்சையாகப் புள்ளி பிடித்தது. அவற்றை மறுபடி கழுவினேன்.

ஒருநாள் லவீனா படுக்கையில் கிடந்தபடி சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, கட்டில் கடை மாதிரி மணக்குது.”

“என்ரை சட்டையிலை இருந்து வருது. நான் முழுகேல்லை.”

“ஓ.”

அதற்குப் பிறகு நான் தினமும் முழுகிவிட்டுத்தான் அறைக்குள் போனேன். அவளும் அதைத் திரும்பச் சொல்லவில்லை. அதை நான் ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

தொய்வு கூடியது. லவீனாவின் அம்மா, லூர்த்தம்மா மாமி, குருநகரிலிருந்து வந்து நின்று காரணம் தேடினார். முதலில் மாதா படத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்ரிக் மாலையைக் கழற்றினார். தும்பு மெத்தையைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினோம். மெத்தையை நான்தான் தனியே தூக்கி மாற்றினேன்; மாமிக்கு முதுகு நோ என்று சொல்லி அறைக்கு வெளியே இருத்தினேன். பிறகு லவீனாவின் பூனை. சூட்டி என்று பெயர். நெற்றியில் வெள்ளை.

“பூனைதான் பிள்ளை, பூனை மயிர்தான். நான் அப்பவே சொன்னனான்,” என்றார் மாமி.

“அது கட்டிலுக்குக் கிட்டவே வாறேல்லையம்மா. முந்திக் கீழை படுக்கும், இப்ப அதுவே போறேல்லை.”

“தம்பி, நீங்கள் சொல்லுங்கோ.”

பூனையாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். எமில்ராஜ் அதைச் சாக்கில் போடும்போது சாக்கின் வாயை நான் பிடித்துக்கொண்டேன். லவீனா குசினிக்குள் போய் நின்றாள். அழுதால் மூச்சு இழுக்கும் என்று அவள் அழவில்லை.

முன்பள்ளியை விடச் சொன்னது நான். சோக்குத் தூள் என்றேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பிள்ளைகள் அவளுக்கு ஒரு பெரிய அட்டையில் படம் கீறிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் முழு நாளும் வீட்டில், பெரும்பாலும் அந்த அறையில், கட்டிலில் இருந்தாள். அவள் முழுகப் போகும் நேரத்தில் பஞ்சுகளை மாற்றிவைத்தேன்.

அந்த நாட்களில் நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று விசாரணையில் மாமி சொன்னார். அது பொய் இல்லை. முதுகு தடவினேன். வெந்நீர் வைத்தேன். வாயில் அடிக்கும் பம்ப் முடிய முன்பே அடுத்ததை வாங்கிவைத்தேன். மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தேன். தை பிறந்தால் மழை விடும், ஈரம் குறையும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் சொன்னேன்.

கார்த்திகையில் அவளை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். இதை நான் விசாரணையில் சொன்னேன். ஆனால் அதில் முக்கியமானதைச் சொல்லவில்லை. வாட்டில் இருபத்தைந்து கட்டில். சுவரில் பாசி. பக்கத்துக் கட்டிலுக்கு வருபவர்கள் எல்லாம் புழுதிக் காலோடு வருவார்கள். அங்கே அவளுக்கு இரண்டாம் நாளே மூச்சு சீராகிவிட்டது. மூன்றாம் நாள் வாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து காட்டினாள். நர்ஸ் ஒருவருக்கு என்னைக் காட்டி, “இவர்தான் என்ரை வீட்டு டொக்டர், கட்டணம் வாங்கிறேல்லை,” என்றாள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தாள். வந்து இரண்டாம் நாள் மறுபடி விசில் சத்தம்.

இரண்டு இடம், ஒரே ஆள், ஒரே மருந்து. வித்தியாசமாக இருப்பது எதுவோ அதுவே காரணம். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்திலேயே இதைப் படிப்பிப்பார்கள். எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் இந்தத் திருத்தத்தை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அன்றைக்கே ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுத்தால் அவளுக்குச் சுகம் வரும். சுகம் வந்தால் என்ன மாறியது என்று கேட்பார்கள். பூனை போயும் குறையாதது, முன்பள்ளியை விட்டும் குறையாதது, இப்போது எப்படிக் குறைந்தது என்று லூர்த்தம்மா மாமி நிச்சயமாகக் கேட்பார். அவர் அப்படி விடுகிறவர் இல்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதென்று முடிவு செய்தேன். கிழமைக்கு இரண்டு. அப்படிச் செய்தால் மழை விட்டதால் சுகம் வந்தது போல இருக்கும். தை நடுவில் எல்லாம் முடிந்திருக்கும். அது ஒரு நல்ல திட்டம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். நாட்கள் போதவில்லை.

மார்கழி இரண்டாம் கிழமை, வியாழக்கிழமை. விடியத் தொடங்கிய மழை விடவில்லை. கடைக்குள் ஒருவருடைய வெள்ளை வான் நின்றது. வேலை முடிந்துவிட்டது; திறப்பு அதிலேயே இருந்தது. கட்டிலின் கீழே பதினொரு பஞ்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. மாமி முதல் நாள்தான் குருநகருக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

பத்து மணிக்கு அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. பம்ப் நான்கு தரம் அடித்தேன், பிறகு இன்னும் நான்கு. இழுப்புக் குறையவில்லை. கட்டிலின் விளிம்பில் குனிந்து இருந்தவள் நழுவி நிலத்தில் இருந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து, முகம் கட்டிலைப் பார்த்தபடி. உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. நான் எமில்ராஜுக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, லவீனாவுக்கு ஏலாது. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன். நீங்கள் வீட்டை வந்து அவவின்ரை உடுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கை வாங்கோ.”

“வாறன், வாறன். பெட்டி எங்கை கிடக்கு?”

“கட்டிலுக்குக் கீழை.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. பெட்டியை நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போனைத் திரும்ப எடுத்து, வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இவை இப்போது தோன்றுகின்றன. அப்போது எனக்குத் தோன்றியது எமில்ராஜ் அந்தத் தரையில் முழங்கால் போட்டுக் குனிவது மட்டும்தான்.

குருநகரிலிருந்து வர இருபது நிமிடம் ஆகும். நான் கட்டிலின் கீழே ஊர்ந்து போனேன். வலையின் முடிச்சுகள் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தன. அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் வெட்டியிருக்கலாம். வெட்டினால் பஞ்சுகள் எல்லாம் நிலத்தில் விழும். நிலத்தில் விழுந்த பஞ்சைக் கறுப்புக் காருக்குப் பாவிக்க முடியாது. அந்த நேரத்தில் நான் அதை யோசித்தேன், ஐயா. அதனால் வலையின் ஓரத்தால் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று நான்காக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்க் கடை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நடை. கடைசியாக வலையைச் சுருட்டிப் பலகைகளுக்கு மேலே செருகினேன். பெட்டியை முன்னுக்கு இழுத்து, எடுக்க வசதியாக வைத்தேன்.

பிறகு அவளைத் தூக்கினேன். பாரமே இல்லை. வானில் ஏற்றினேன். கொக்குவில் தாண்டும்போது நெஞ்சுச் சத்தம் நின்றது. சத்தம் நின்றதால் கொஞ்சம் இலேசாகிவிட்டது என்று நினைத்து மெதுவாக ஓட்டினேன்.

போன் எடுத்தது பத்து பன்னிரண்டுக்கு, ஆஸ்பத்திரியில் பதிந்தது பத்து நாற்பத்தேழுக்கு, ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம், மிச்ச இருபது நிமிடம் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். படலையின் தாழ்ப்பாள் மழைக்கு இறுகிவிட்டது, திறக்க முடியவில்லை என்று சொன்னேன். நீங்கள் தலையசைத்து எழுதினீர்கள். டொக்டர் தொய்வு என்றார். அதோடு முடிந்தது.

படலையில் எந்தப் பிழையும் இல்லை. அன்று ஒரு கையால் தள்ளத் திறந்தது. இதுதான் நான் திருத்த வந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எமில்ராஜ் வந்தார். நேரே படலைக்குப் போனார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போய் வந்தது. “மழைக்குத்தான் இறுகியிருக்கு,” என்று தனக்குள் சொன்னார். பிறகு படலையைக் கீலோடு வெட்டிக் கழற்றி ஓட்டோவில் கட்டிக்கொண்டு போனார். வெட்டும்போது நான் அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன். இப்போது ஏழு மாதமாகிறது. அவர் ஒட்டு வேலைக்குப் போவதில்லை. போன ஞாயிறு பூசைக்குப் பிறகு மாமி என்னிடம் வந்தார்.

“தம்பி, அவன் மெஷினைத் தொடுறானில்லை. நான் பூட்டின படலைதான் என்ரை தங்கச்சியைக் கொண்டது எண்டு சொல்லிச் சொல்லிச் சாகிறான். நீங்கள் சொன்னால் கேப்பான். உன்ரை பிழை இல்லையெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்.”

போய்ச் சொன்னேன். “நீ நல்லவன் மச்சான், அப்பிடித்தான் சொல்லுவாய்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நம்பவில்லை. வேறு வழி இல்லாததால் உங்களிடம் எழுதுகிறேன். இதன் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்தால் போதும். எனக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் சட்டப்படி செய்யுங்கள்.

இதுவரை என்னைத் தாங்கிய ஒன்று இருந்தது. அவளுக்குத் தெரியாது என்பதுதான் அது. கட்டிலின் கீழே என்ன இருந்தது என்று தெரியாமலே, என்னைக் குறைவாக நினைக்காமலே போனாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமி கேட்டபோது, “மாதாவே” என்று சொன்னாள் என்றேன். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் அவளுடைய படத்துக்குக் கீழே அதை அச்சடித்தார்கள். கோயிலில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். என் மேசையிலும் ஒன்று இருக்கிறது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாவது நடையில் எட்டாவது பஞ்சு வரை எடுத்துவிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கட்டிலின் கீழிருந்து எழும்பினேன். அவள் கண் திறந்துதான் இருந்தது. கையிலிருந்த பஞ்சுகளை அவள் பார்த்தாள். புதிதாக ஒன்றைக் காண்கிறவளின் பார்வையாக அது இருக்கவில்லை. இடையில் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு எடுத்துத்தான் சொல்லி முடித்தாள். நான் கேட்டேன். கேட்டுவிட்டு, மிச்சம் மூன்றையும் எடுக்கத் திரும்பவும் கீழே போனேன்.

“அதுகளைப் பிறகு எடுக்கலாம். முதல் என்னைத் தூக்குங்கோ.”